இருநூற்று மூன்று மில்லிமீட்டர்

பாலமதி மலையிலிருந்து இறங்கும்போது
மூன்றாவது வளைவில்
பிரேக் லீவர் என் விரல்களோடு சேர்ந்து
கைப்பிடிவரை வந்துவிட்டது.
அங்கே எதுவும் இல்லை.
பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுவதுபோல
திரும்பத் திரும்ப அழுத்தினேன்.

எதிரே இருபது ஆடுகள்.
மேய்ப்பவர் கத்தியது எனக்கா ஆடுகளுக்கா, தெரியாது.
உண்ணிச்செடிப் புதரில் கொண்டுபோய்ச் செருகி நின்றேன்.
கருகிய வாசனை.
தட்டின்மேல் எச்சில் துப்பிப் பார்த்தேன்,
தோசைக்கல்லில் தெளித்த தண்ணீராய் ஓடி மறைந்தது.

வண்டி இருபத்தாறு கிலோ.
நான் அறுபத்தொன்பது, திங்கட்கிழமைக் கணக்குப்படி.
முதுகுப்பையில் மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு பூட்டு,
தபித்தாள் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதம்.
ஏறும்போது இதையெல்லாம் மோட்டார் சுமந்தது.
இறங்கும்போது
இரண்டு பிஸ்டன், நூற்றறுபது மில்லிமீட்டர் தட்டு,
கட்டைவிரல் நகமளவு பேட்.
ஏற்றத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன்.
இறக்கத்தைப் பற்றி விற்றவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

"மோட்டாரைப் பெருசாக்குங்க மேடம்,
காட்பாடிப் பாலத்துல பஸ்ஸையே முந்தலாம்"
என்றார் சைதாப்பேட்டை இம்தியாஸ்.
கழற்றிய பேடை நீட்டினேன்.
கண்ணாடிபோல் மின்னியது.
அதற்குப் பிறகு அவர் எதையும் விற்க முயலவில்லை,
டீ சொன்னார்.

ஒன்பது காலைகள்
இரவுப்பணி முடிந்து வந்து தூங்காமல்
விலைப்பட்டியல் படித்தேன்.
நான்கு பிஸ்டன். சரி.
முன்சக்கரத்துக்கு இருநூற்று மூன்று.
அதுவரை தாங்கும் என்று
ஃபோர்க்கின் உட்புறம் பொடி எழுத்தில் இருந்தது,
டார்ச் அடித்துப் படித்தேன்.
பின்னால் நூற்றெண்பது போதும்.
ரெசின் பேட் சத்தம் போடாது, சூடேறினால் மனம் மாறிவிடும்.
உலோகப் பேட் கத்தும், கைவிடாது.
எங்கள் ஹெட் நர்ஸ் ஞாபகம் வந்தது.
உலோகமே போட்டேன்.
பெயின்ட்டைத் தின்னும் திரவம் வேண்டாம், மினரல் ஆயில்.
பதினெட்டாயிரத்து நானூறு.
பழைய ஃபிரிட்ஜ் இன்னொரு வருடம் இரையட்டும்.

பிரேக் பிடித்தால் மோட்டாரை அணைக்கும்
அந்த மெல்லிய கம்பி புது லீவரில் இல்லை.
பெட்டியைத் திறந்தபிறகுதான் தெரிந்தது.
ஒரு காந்தம், ஒரு சென்சார், இரண்டு நாள், ஒரு சண்டை.
சண்டை தபித்தாளோடு.
சமையல் மேடையில் சைக்கிள் எதற்கு என்றாள்.

அப்புறம் சிரிஞ்சு.
இதற்கு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.
குழாயில் காற்றென்றால் அலறுகிற
டயாலிசிஸ் மெஷின்களோடு பதினோரு வருடம்.
எண்ணெய் சிவப்பு.
நிறத்தைப் பார்த்துச் சிரித்தேன், பிறகு சிரிக்கவில்லை.
காலிப்பரை விரல்முட்டியால் தட்டினேன்,
குழாயைச் சுண்டினேன்,
கடைசிக் குமிழி, கடுகைவிடச் சின்னது,
ஏறியது, நின்றது, யோசித்தது,
மறுபடி ஏறியது.
அது மேலே வந்து உடைந்ததும்
லீவரை ஒற்றை விரலால் இழுத்தேன்.
பாதியில் சுவர்.

புதுப் பேட் உடனே பிடிக்காது.
ஓட்டேரி ஏரிப்பக்கம் ஆளில்லாத ரோட்டில்
முப்பது முறை வேகமெடுத்து
முப்பது முறை நிற்கப் போய் நிற்காமல் விட்டேன்.
நடக்க வந்த ஒருவர் கேட்டார்,
"என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?"
ஆமாம் என்றேன்.
அதுதான் சுலபமான பதில்.

ஞாயிறு. அதே மூன்றாவது வளைவு.
நிற்க ஒரு காரணமும் இல்லை.
பாதை காலி.
கீழே வேலூர் வெயிலில் வெளுத்துக் கிடந்தது,
கோட்டை எங்கே என்று தேடினேன், அகப்படவில்லை.
நின்றேன்.
தட்டு சூட்டில் டிக் டிக் என்றது.
உண்ணிச்செடியில் நான் விழுந்த பள்ளம்
அப்படியே இருந்தது.
அதில் ஓர் ஆடு படுத்து
அசைபோட்டுக்கொண்டிருந்தது.
எழவில்லை.